பரமேஸ்வராவடியில் இறங்கு

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.
2025 மார்கழி

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டு இரண்டு நாளாகிறது. முற்றத்தில் நின்ற தண்ணீர் வற்றிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அம்மா, மாசியில பேச வரேக்க யூனிவர்சிட்டி வாசலுக்கு எப்படி வாறது? லொகேஷன் அனுப்பிவிடுங்கோ" என்றாய். அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் படுத்தால் நித்திரை வரவில்லை. எட்டு வயது வரைக்கும் அந்த மதிலோரம் பந்து பொறுக்கித் திரிந்த பிள்ளை அந்த வாசலுக்கு வழி கேட்கிறதே என்று மனம் கிடந்து அடித்தது. உன்னைக் குறை சொல்லவில்லை, ராசா. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த கையோடு உன்னை வெள்ளவத்தைக்கு மாமாவிடம் அனுப்பினது நானும் அப்பாவும்தான். அங்கிருந்து நீ லண்டனுக்குப் போய்விட்டாய். கல்யாணத்துக்கு வந்த ஐந்து நாளும் கோயிலுக்கும் சொந்தக்காரர் வீடுகளுக்கும் போகவே சரியாக இருந்தது. அப்போதாவது உன்னைக் கம்பஸுக்குள் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

அதுதான் இதை எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் பிளேனில் இருந்து ஆறுதலாக வாசிக்கலாம்.

முதலில் வழி. டவுனில் ஓட்டோ பிடித்தால் "யூனிவர்சிட்டி" என்று சொல்லாதே. "பரமேஸ்வராவடிக்குப் போங்கோ" என்று சொல். பலாலி றோட்டால் வந்து கந்தர்மடம் தாண்டினால் பரமேஸ்வராச் சந்தி. அதில் இடப்பக்கம் திரும்பினால் இராமநாதன் வீதி, அதில்தான் வாசல். எப்படிச் சொன்னாலும் ஓட்டோக்காரன் உன்னை இறக்கும் இடம் ஒன்றுதான். ஆனால் பரமேஸ்வரா என்று சொன்னால் திரும்பி உன் முகத்தைப் பார்ப்பான். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்பான். எங்கள் பக்கத்தில் வழி கேட்கும் வாயை வைத்தே ஆளை மட்டுக்கட்டிவிடுவார்கள்.

பரமேஸ்வரா என்ற பள்ளிக்கூடம் இப்போது இல்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்பிள்ளைகளுக்கு 1913 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பிறகு 1921 இல் ஆண்பிள்ளைகளுக்கு இந்தத் திருநெல்வேலி வளவில் பரமேஸ்வராக் கல்லூரி வந்தது. சைவப் பிள்ளைகள் தங்கள் சமயத்தை விடாமல் இங்கிலிசும் படிக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கல்லூரியோடு ஒரு சிவன் கோயிலும் வந்தது. கல்லூரி போய் எத்தனை வருஷம், சந்திக்கு இன்னும் அந்தப் பெயர்தான். கோயிலும் அங்கேயே கம்பஸுக்குள் இருக்கிறது. நீ வந்தவுடன் முதலில் அங்கே போ. சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டுவிட்டுப் பிறகு மற்ற இடங்களுக்குப் போகலாம்.

உன் அம்மப்பா பரமேஸ்வராவில் படித்தவர். இராமநாதனை அவர் கண்டதில்லை. இராமநாதன் 1930 இல் காலமாகிவிட்டார், இவர் சேர்ந்தது அதற்குப் பிறகு. அப்போது இராமநாதனின் மருமகன் நடேசபிள்ளை அதிபர். அம்மப்பா பிறகு பி.டபிள்யூ.டி. என்ற பொதுவேலைத் திணைக்களத்தில் ஓவசியராகி றோட்டுப் போட்டதும் பாலம் கட்டினதும் உனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கதையை நான் உனக்குச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

1979 இல் எனக்குக் கம்பஸ் கிடைத்தது. முதல் நாள் அவர்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த சால்வை. வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போவார் என்று நினைத்தேன். சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கோயிலில் கும்பிட்டார். பிறகு பழைய கட்டடத்து விறாந்தையில் ஏறி ஒவ்வொரு தூணாகப் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். ஒரு தூணைத் தட்டிக் காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். அதில் வெள்ளை பெயர்ந்து உள்ளே சாந்து தெரிந்தது. நகத்தால் கொஞ்சம் சுரண்டி உள்ளங்கையில் போட்டு எனக்குக் காட்டினார். "பார் பிள்ளை, சுண்ணாம்புச் சாந்து. சீமெந்து இல்லை. இது இன்னும் நூறு வருஷம் நிக்கும்" என்றார். பிறகு கையைச் சால்வையில் துடைத்துக்கொண்டு, "இதில இருந்துதான் நான் யூக்ளிட் படிச்சனான். இனி நீ படி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. போகும்போது வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

அவர் சாகும்வரைக்கும் அதைக் கம்பஸ் என்று சொன்னதில்லை. "பிள்ளை பரமேஸ்வராவில வேலை செய்யுது" என்றுதான் ஊரில் சொல்லுவார். கேட்டவர்கள் நான் ஏதோ பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் கம்பஸ் என்றுதான் சொன்னோம், இப்போதும் அப்படித்தான். அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 1974 இல் இது தொடங்கியபோது தனிப் பல்கலைக்கழகம் அல்ல. நாடு முழுவதற்கும் இலங்கைப் பல்கலைக்கழகம் என்று ஒன்றுதான் இருந்தது, அதன் யாழ்ப்பாண வளாகமாகத்தான் இது பிறந்தது. 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க வந்து திறந்து வைத்தார். கலைப் பாடங்கள் இங்கே பரமேஸ்வரா வளவில். விஞ்ஞானம் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடத்தில். 1979 ஜனவரி 1ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் என்று தனியே ஆனது. நான் சேர்ந்தது அந்த வருஷம்தான். காகிதத்தில் பெயர் மாறியது, வாயில் மாறவில்லை. மரக்கறி விற்கும் அம்மாவுக்கும் பஸ் கொண்டக்டருக்கும் இன்றைக்கும் அது கம்பஸ். அந்த ஐந்து வருஷத்துப் பெயர் ஐம்பது வருஷமாக நிற்கிறது.

நீ மண்ணைப் படித்த பிள்ளை. உனக்கு விளங்கும் விதமாக ஒன்று சொல்கிறேன். எங்கள் ஊர்ப்பெயர்களில் பாதி மண்ணைப் பற்றிய பெயர்கள். கம்பஸுக்குப் பக்கத்தில் கலட்டி என்று ஓர் இடம் இருக்கிறது. கலட்டி என்றால் கல்லும் சுண்ணாம்புப் பாறையும் மேலுக்கே தெரியும் தரை. அங்கே மண்வெட்டி போட்டால் டங்கென்று கேட்கும், அத்திவாரம் வெட்ட அலவாங்கு வேண்டும். அந்தப் பக்கம் கொக்குவில், இந்தப் பக்கம் கோண்டாவில், அதற்கும் அங்கால் இணுவில். வில் என்றால் நீர் தேங்கி நிற்கும் பள்ளம். கொக்கு வந்து நின்ற பள்ளம் கொக்குவில். மடம் என்று முடியும் ஊர்களில் வழிப்போக்கர் தங்கிப் போன மடங்கள் இருந்தன: கந்தர்மடம், மருதனார்மடம். திருநெல்வேலி என்ற பெயரில் நெல் இருந்தாலும் இது வயல்காணி இல்லை, செம்மண் தோட்டக்காணி. கிணற்றில் இறைத்து வெங்காயமும் மரக்கறியும் வைக்கிற தரை. கொஞ்சம் கிண்டினால் கீழே சுண்ணாம்புக் கல். ஊர்ச்சனம் திருநெல்வேலி என்று முழுசாகச் சொல்ல மாட்டார்கள், தின்னவேலிதான். நீயும் சின்னனில் அப்படித்தான் சொன்னாய். சந்தைக்குப் போவதென்றால் "அம்மா, தின்னவேலிக்கோ?" என்று கேட்டுக்கொண்டு முன்னுக்கு ஓடுவாய்.

அம்மப்பா சொல்லுவார், புது இடத்தில் கட்டடம் கட்டப் போனால் முதலில் அந்த இடத்துப் பெயரைக் கேள், பிறகு கிணறு வெட்டினவனைக் கேள், அதற்குப் பிறகு மட்டக்கோலை எடு என்று. நீ உன் பேச்சை எங்கே தொடங்கப் போகிறாய் என்று எனக்குத் தெரியாது. கலட்டியிலிருந்து தொடங்கினால் அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குக் கெதியாக விளங்கும்.

சரி, உள்ளே வா. கைலாசபதி கலையரங்கு என்று ஒன்று இருக்கிறது. பெரிய கூட்டங்கள் பலதும் அங்கேதான். "இண்டைக்குக் கைலாசபதியில கூட்டம்" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டு போவார்கள். ஒரு மனிதர் கட்டடமாகிவிட்டார் என்று எனக்கு அப்போதெல்லாம் தோன்றும். பேராசிரியர் க. கைலாசபதிதான் வளாகத்தின் முதல் தலைவர். 1974 இல் அவருக்கு வயது 41. 1982 மார்கழியில் 49 வயதில் போய்விட்டார். நான் தமிழ் படித்த காலத்தில் அவருடைய விரிவுரையைக் கேட்டிருக்கிறேன். குறிப்பெடுக்கவே நேரம் போதாது. ஒரு சங்கப்பாட்டைச் சொல்லிவிட்டு, அதைப் பாடிய பாணன் என்ன சாப்பிட்டிருப்பான், ஆர் கொடுத்திருப்பான் என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்தவுடன் பாட்டு வேறு பாட்டாகிவிடும். இப்போது அந்த அரங்கில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்று எனக்குக் கவலை. நீ அந்தப் பக்கம் போனால் பேத்திக்கு அந்தப் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து அனுப்பு. ஆர் அவர் என்று நான் அவளுக்குச் சொல்லுகிறேன்.

தனிப் பல்கலைக்கழகம் ஆனபோது முதல் துணைவேந்தர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். கூத்தைக் கோயில் முற்றத்திலிருந்து மேடைக்குக் கொண்டுவந்தவர். 'இராவணேசன்' அவர் மேடையேற்றிய கூத்து.

அவருக்குப் பிறகு வந்தவர் பேராசிரியர் அ. துரைராசா. இவரைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறாயா? உனக்கு அவரை வேறு வழியாகத் தெரியும். நீ இரண்டாம் வருஷம் படிக்கும்போது இரவு போன் எடுத்து, "அம்மா, என்ர புத்தகத்தில ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராசா எண்டு மூண்டு பேரின்ர பெயர் வருது. களிமண்ணைப் பற்றி 1963 இல எழுதின கட்டுரை. இந்தத் துரைராசா ஆர்?" என்று கேட்டாய். எனக்கு வாய் அடைத்துவிட்டது. கேம்பிரிட்ஜில் களிமண்ணை ஆராய்ந்த அந்த மனிதர் 1988 இலிருந்து 1994 இல் இறக்கும்வரை எங்கள் துணைவேந்தர். பெற்றோல் இல்லாத, கரண்ட் இல்லாத, சவர்க்காரம் கூட இல்லாத வருஷங்கள். அந்தக் காலத்தில் சைக்கிளில் வந்துபோன துணைவேந்தர் என்று ஊர் இப்போதும் அவரைப் பற்றிச் சொல்லும். அவர் நினைத்திருந்தால் உலகத்தில் எங்கேயும் போயிருக்கலாம். இங்கே இருந்தார்.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, அப்பன். நீ போனது எங்களுக்காகவும்தான். மாசியில் நீ பேசப் போவது அவருடைய பாடத்தை, அவர் இருந்த இடத்தில். அதை நீ தெரிந்துகொண்டு பேச வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நூலகத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் முடியாது. நான் 1984 இலிருந்து இளைப்பாறும்வரை இருந்த இடம். ஏன் அந்த வேலைக்கு விண்ணப்பித்தேன் என்று நீ ஒருதரமும் கேட்டதில்லை. 1981 மே 31 இரவு டவுனில் பொதுசன நூலகத்தை எரித்தார்கள். 97,000 புத்தகங்கள். நான் அப்போது இரண்டாம் வருஷம். அதற்குப் பிறகு ஒரு புத்தகத்தை எடுத்தாலும் அது எரிந்தால் எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்துவிடும். படித்து முடித்தவுடன் ரீச்சிங் எடு என்று அம்மப்பா சொன்னார். நான் புத்தகங்களோடு இருக்கப் போகிறேன் என்றேன். அவர் மறுக்கவில்லை.

கரண்ட் இல்லாத வருஷங்களில் பட்டியல் அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதுவேன். ஜாம் போத்தல் விளக்கு உனக்கு ஞாபகம் இருக்கும். போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு எரிப்போம். போத்தலே சிமினி. ஒரு போத்தல் மண்ணெண்ணெயை எத்தனை இரவுக்குக் காக்க வேண்டும் என்று அப்பா கணக்குப் பார்ப்பார். அந்த வெளிச்சம் ஒரு அட்டையின் அகலத்துக்குத்தான் விழும். அதில் ஆசிரியர் பெயர், புத்தகத்தின் பெயர், இலக்கம் என்று ஒவ்வொன்றாக எழுதி மை காயப் பாயில் பரப்பி வைப்பேன். நீ அந்தப் பாயின் மற்றக் கரையில் படுத்திருப்பாய். ஒரு நாள் விடிய எழும்பி, காய்ந்த அட்டைகளை வீடு மாதிரி அடுக்கி விளையாடினாய். எனக்கு ஏச மனம் வரவில்லை. திரும்ப ஒழுங்குபடுத்த அரைநாள் போனது. உன் கையில் இருந்ததில் ஒன்று நிலக்கீழ் நீரைப் பற்றிய புத்தகத்தின் அட்டை. அதை மட்டும் நான் மறக்கவில்லை.

மைதானத்துக்கு நீ கட்டாயம் போவாய், கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டு நிற்பார்கள். அதில் நீ நிற்கும்போது ஒன்று நினைத்துக்கொள். 1987 ஒக்டோபர் 12 அதிகாலை உனக்கு இரண்டு மாதம். இருட்டில் ஹெலிகொப்டர்கள் எங்கள் கூரைக்கு மேலால் போயின. ஓடு அதிர்ந்து தூசு விழுந்தது. நான் உன்னை மடியில் போட்டுக்கொண்டு கட்டிலுக்குக் கீழே இருந்தேன். நீ அழவில்லை, பால் குடித்துக்கொண்டிருந்தாய். அந்த மைதானத்தில் இந்தியப் படையினர் இறங்கினார்கள், புலிகளோடு சண்டை நடந்தது. இறங்கின சீக்கியப் படைப்பிரிவின் 30 பேரில் 29 பேர் செத்தார்கள். அந்த நாட்களில் பக்கத்தில் கொக்குவில் பிரம்படியில் வீடுகளுக்குள் இருந்த எங்கள் சனமும் செத்தது. பிறகு அந்த 29 பேரைப் பற்றிக் கேள்விப்பட்டபோது, பஞ்சாபில் அவர்களின் தாய்மார் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். பச்சைக் குழந்தையோடு இருந்தவளுக்கு வேறு எப்படி நினைக்க வரும்.

அதே மைதானத்தில்தான் 2001 தை 17 பொங்குதமிழ் என்ற எழுச்சிக் கூட்டம் நடந்தது. எங்கே பார்த்தாலும் பிள்ளைகளின் தலை. ஒரே மைதானம் எத்தனையைக் கண்டுவிட்டது. மைதானம் என்பதைத் தவிர அதற்கு ஒரு பெயரும் இல்லை.

மருத்துவ பீடம் இந்த வளவுக்குள் இல்லை. ஆடியபாதம் வீதியில் இருக்கிறது, தின்னவேலிச் சந்தியிலிருந்து கொக்குவிலுக்குப் போகும் றோட்டு. 1978 இல் தொடங்கியபோது அதற்கு இடம் இல்லை, கைதடி ஆயுர்வேத வைத்தியசாலையில் வைத்து நடத்தினார்கள். உடற்கூற்றியல் படிப்பித்த ரஜனி திராணகமவை 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொன்றார்கள். பீடத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில், இந்தத் தின்னவேலியில். வயது 35. இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். எவர் செத்தாலும் எழுதி வைக்க வேண்டும் என்று நின்றவர். இன்றைக்கும் அந்தப் பக்கத்தால் போனால் எனக்குக் கால் தானாக மெதுவாகும்.

கம்பஸுக்குள் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி ஒன்று இருக்கிறது. 2021 தை 8 இரவு அதை இடித்துவிட்டார்கள். பிள்ளைகள் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த வருஷமே திரும்பக் கட்டப்பட்டது. நீ போனால் ஒரு பூ வை. வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

ஹொஸ்ரல் ஒன்றுக்குக் கலையறிஞர் ஆனந்தகுமாரசாமியின் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் இராமநாதனின் தாய்மாமன் மகன் என்று பல பேருக்குத் தெரியாது. முத்துக்குமாரசாமியின் சகோதரி பிள்ளை இராமநாதன், மகன் ஆனந்தகுமாரசாமி. ஒரு மச்சான் கட்டின வளவில் மற்ற மச்சானின் பெயரில் பெண்பிள்ளைகள் இருந்து படிக்கிறார்கள். இதை யோசித்தால் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கும்.

மருதனார்மடத்துக்கு நேரம் இருந்தால் போ. 1975 இல் வளாகத்தோடு இணைந்த இராமநாதன் நுண்கலைக் கழகம் அங்கேதான், இப்போது அது ஒரு பீடமாகிவிட்டது. பின்னேரம் போனால் பாட்டும் மிருதங்கமும் கேட்கலாம். வாசலில் நின்றாலே காணும்.

கிளிநொச்சிக்கு உன்னைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவார்கள், அறிவியல்நகருக்கு. பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அங்கே இருக்கின்றன. விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கியது. சண்டையில் இடம்பெயர்ந்து இங்கே வந்து, பிறகு திரும்பிப் போனது. மற்ற ஊர்ப்பெயர்கள் மாதிரி அறிவியல்நகர் பழைய பெயர் இல்லை. எங்கள் காலத்தில் வைத்த பெயர். அதற்குள் கல்லும் இல்லை, வில்லும் இல்லை. ஒரு ஆசைதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை எஞ்சினியராக வேண்டும் என்றால் பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போக வேண்டிய காலத்தில் வாழ்ந்த எங்களுக்கு, இங்கேயே ஒரு பொறியியல் பீடம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குச் சொல்லி விளங்காது. அம்மப்பா இருந்திருந்தால் அங்கேயும் போய்த் தூணைத் தட்டிப் பார்த்திருப்பார். அவருக்காக நீ தட்டிப் பார்.

பல்கலைக்கழகத்தின் இலச்சினையில் "மெய்ப்பொருள் காண்பது அறிவு" என்று போட்டிருக்கும். குறள்தான், நீ மூன்றாம் வகுப்பில் என்னிடம் பாடமாக்கினாய். "எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்" என்று தொடங்கும். மறந்திருந்தால் பேத்தியைக் கேள். போன கிழமை போனில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். "வாய்க் கேட்பினும்" என்ற இடத்தில் மட்டும் நாக்குப் புரளுது.

இன்னொன்று. அம்மப்பாவின் மடக்கு அடிமட்டம் உன் அலுமாரியில் இருப்பதாக மருமகள் சொன்னா. ஓவசியராக இருந்தபோது எப்போதும் சட்டைப்பையில் வைத்திருந்த அந்த மரத்தில் செய்த மஞ்சள் அடிமட்டம். வரும்போது அதைக் கொண்டு வா. பழைய கட்டடத்து விறாந்தைத் தூண் எத்தனை அங்குலம் என்று அளந்து பார்க்க வேண்டும். அவர் அன்றைக்குத் தட்டிய தூண் எது என்று எனக்குத் தெரியும், வாசலில் இருந்து போனால் நாலாவது. வெள்ளை திரும்ப அடித்துவிட்டார்கள். ஆனால் சுரண்டிய இடத்தில் கை வைத்தால் இன்னும் ஒரு பள்ளம் தட்டுப்படுகிறது.

விமான நேரத்தை எழுதி அனுப்பு. மாசியில் விடிய பனி விழும், நீ ஒரு மெல்லிய சுவெற்றர் எடுத்து வை. நீ பேசும் நாளன்று அப்பாவும் நானும் முன்கூட்டியே வந்துவிடுவோம். ஓட்டோவை விட்டு இறங்கினவுடன் எங்களைத் தேடி அலையாதே. பரமேஸ்வராச் சந்தியில், இராமநாதன் வீதி தொடங்கும் இடத்தில், அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அங்கிருந்து மூன்று பேரும் நடந்து போவோம்.

அன்புடன்,
அம்மா